நனைஞ்ச மரத்துல கத்தி வைக்காதே

வா பேராண்டி, வா. மூஞ்சியப் பாத்தா பெரட்டுக்குப் பிந்திப்போயி கிராணிகிட்ட ஏச்சு வாங்குனவன் மாதிரி இருக்கு. என்னா, போன் நனைஞ்சிருச்சா? புந்தோங்குல இருந்து வர்ற வழியில மழை புடிச்சுக்கிச்சா? சாயங்காலம் நாலு மணிக்கு ஈப்போவுல மழை பெய்யிறதுக்கு உன்கிட்ட லெட்டர் குடுத்துட்டா வரணும்? மழைக்கோட்ட மடிச்சு மோட்டர் சீட்டுக்கு அடியில வெச்சிருந்த. போனை சிலுவார் பையில வெச்சிருந்த. கோட்டு ஒரு சொட்டு நனையல பாரு, அந்த மட்டுக்கும் சந்தோஷம்.

என்னா தேடுற? சார்ஜர் ஒயரா? டீவி பக்கத்துலதானே கெடந்துச்சு, காணோமா? அடப்பாவமே. பூனை இழுத்துட்டுப் போயிருக்கும். அது கெடக்கட்டும், இப்படி உக்காரு. பாட்டி கோப்பி கலக்குறா.

பால் வெட்டுன கிழவனுக்குப் போனைப் பத்தி என்னா தெரியும்னுதானே பாக்குற? நெசந்தான், போனைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. ஈரத்தைப் பத்தித் தெரியும்.

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்துல இருந்தப்ப ராத்திரி மழை பேஞ்சா காலையில பெரட்டுக் களத்துல அத்தனை பேரும் மரத்தைப் பாத்துக்கிட்டு நிப்போம். வேலை உண்டா இல்லையா? கங்காணி போயி பட்டையில உள்ளங்கைய வெச்சுப் பாப்பாரு. கை நனைஞ்சா வேலை இல்ல. வேலை இல்லைன்னா அன்னிக்குக் கூலியும் இல்ல. வயிறு கேக்குமா? எங்கள்ல ஒரு அவசரக்குடுக்கை இருந்தான். கங்காணி அந்தப் பக்கம் திரும்புனதும் ஈர மரத்துல கத்தியப் போட்டுட்டான். பால் கோட்டு வழியா ஓடி மங்குல விழணும் இல்லையா? விழல. ஈரத்தைப் புடிச்சுக்கிட்டு பட்டை முழுக்கப் பரவி, வேர் வரைக்கும் வழிஞ்சு மண்ணுக்குப் போச்சு. மங்கு காலி. அதோட விட்டுச்சா? ஈரத்துல வெட்டுன காயத்துல பூஞ்சை எறங்கி கறுப்புக் கோடா விழுந்துச்சு. ஒரு நாள் கூலிக்கு ஆசப்பட்டு மரத்தோட பட்டையையே கெடுத்தான்.

இப்ப நீ தேடுறியே அந்த ஒயரு, அதுதான் கத்தி. உன் போனுதான் ஈர மரம்.

தண்ணி மட்டும் போனை அவ்வளவு சீக்கிரத்துல கொல்லாதுடா. தண்ணிக்கும் கரண்டுக்கும் முடிச்சுப் போட்டு வெக்கிறியே, அதுதான் கொல்லுது. மாரியம்மன் கோயில் செப்புக்குடத்துல பச்சையா களிம்பு ஏறும், பாத்திருக்கியா? குடத்துல ஏற நாள் புடிக்கும். போன் வாயில ஈரம் இருக்கும்போது கரண்ட விட்டா ரொம்ப வேகமா ஏறும். அந்த வாய் இத்தனூண்டு. அதுக்குள்ள மேலயும் கீழயுமா 24 முனை வரிசை கட்டி நிக்குது. யூஎஸ்பி-சின்னு சொல்றீங்களே அதுலதான். ஒரு முனைக்கும் அடுத்த முனைக்கும் நடுவுல எறும்பு கூட ஒருக்களிச்சுத்தான் போவணும். அங்க ஒரு சொட்டுத் தண்ணி உக்காந்து, அதுல உப்பும் தாதுவும் கலந்திருந்து, கரண்டும் வந்துச்சுன்னா, போவக்கூடாத முனைக்கெல்லாம் கரண்டு போவும், உலோகம் கரைஞ்சு களிம்பாவும். நீ ஒயரைச் சொருவி வெச்சுட்டு, சார்ஜ் ஏறுதா ஏறுதான்னு பாத்துக்கிட்டிருப்ப. ஏறுறது களிம்பு.

சரி, போன் உன்கிட்ட எதுவும் சொல்லலையா? நீர்த்துளி படம் போட்டு, ‘ஈரம் இருக்கு, சார்ஜ் ஏத்தமாட்டேன்’னு சொல்லுச்சா? அதான் கங்காணி! பட்டையில கை வெச்சுப் பாத்துட்டுச் சொல்றாரு. நீ அவரு அந்தப் பக்கம் திரும்புவாரான்னு பாக்குற. சில போன்ல ‘அவசரம்னா ஏத்திக்கோ’ன்னு ஒரு பொத்தான் வேற வெச்சிருக்கான். அவசரம்னா ஆம்புலன்சைக் கூப்புட்ற அவசரம். உன் சிநேகிதன் போட்ட படத்துக்கு லைக் போடுறது அந்தக் கணக்குல சேராது.

பாட்டி வர்றா பாரு. கையில என்னா? அரிசிப் பானை. அடியே, அதை உள்ள வெச்சிட்டு வா. போன மாசம் உன் சித்தி போனை இவ அரிசியில புதைச்சு வெச்சா. மறுநாள் எடுத்தா, போன் வாயில ஒரு குருணை மாட்டிக்கிட்டு நிக்குது. பேராண்டி, வாயில அரிசி போடுறது யாருக்குன்னு உனக்குத் தெரியுமில்ல? அதுக்குப் பேரு வைத்தியம் இல்லடா, வாய்க்கரிசி! 2024ல ஆப்பிள்காரனே எழுதிப் போட்டுட்டான், ஐபோனை அரிசிப் பையில போடாதே, அரிசித் துகள் உள்ள போயி கெடுத்துரும்னு. நம்ம ஊரு அரிசியே கிந்தா பள்ளத்தாக்கு ஈரத்துல வண்டு வெச்சுக் கெடக்கு. அது போய் உன் போனோட ஈரத்தை எங்க உறிஞ்சுறது? அன்னிக்கு ராத்திரி அந்த அரிசியிலதான் சோறு பொங்குனா. நான் ஒண்ணும் கேக்கல. அறுபது வருஷமா கேட்டதில்ல, அதான் இன்னும் சோறு கெடைக்குது.

அடுத்து சித்தி வருவா, முடி காய வெக்கிற மிசினைத் தூக்கிக்கிட்டு. அவளுக்கும் ஒரு கதை வெச்சிருக்கேன். பாலை உறைய வெச்சு, ரோலர்ல குடுத்து, தகடு தகடா எடுத்து புகைக்கூண்டுல தொங்கவிடுவோம். கிட்டத்தட்ட 50, 60 டிகிரி சூட்டுல நாலஞ்சு நாள் பொறுமையா காயணும். சீக்கிரம் காயட்டும்னு எவனாவது விறகை அள்ளி அள்ளிப் போட்டான்னா, தகடு உள்ள கொப்புளம் கொப்புளமா பொங்கிரும். வெளிய பாத்தா காஞ்சாப்பல இருக்கும், தரம் பிரிக்கிறப்போ மாட்டிக்கும். போனுக்கும் அதேதான். சூட்டுக் காத்து அடிச்சா உள்ள இருக்குற பசை எளகிரும், பேட்டரிக்கும் ஆவாது. வெயில்ல வெக்கிறதும் வேணாம். கருவாடா அது?

பக்கத்து வீட்டுத் தம்பி பல்லுக்குத்துற குச்சியில பஞ்சு சுத்திக்கிட்டு வருவான். வேணாம்னு சொல்லிரு. பால் வெட்டுறவனுக்கு மொதல் பாடமே ஆழந்தான். ஒரு தடவைக்கு பட்டையில ஒன்றரை மில்லிமீட்டர் சீவுனா யதேஷ்டம். கத்தி உள்ள எறங்கி மரத்தைத் தொட்டுச்சுன்னா காயம். காயம் ஆறுன எடத்துல முண்டும் முடிச்சுமா பட்டை வளரும், அப்புறம் அங்க கத்தி ஓடாது. குச்சிய வுட்டு நோண்டுனா அந்த 24 முனையில ஒண்ணு வளைஞ்சாலும் போச்சு. பஞ்சு உள்ள நின்னுட்டாலும் போச்சு.

ஊதிப் பாத்தியா? பாத்திருப்ப, உன் மூஞ்சிலயே தெரியுது. கல்லுமலையில தைப்பூசத்துக்கு வாசிக்கிற நாயனமாடா அது, வாய் வெச்சு ஊத? நீ ஊதுனா போறது பாதி காத்து, பாதி எச்சில். மழைத்தண்ணி பத்தலைன்னு மேல தெளிச்சு விட்டிருக்க.

சரி, கிண்டல் போதும். பால் எடுக்குறப்போ வாளிய ஆட்டக்கூடாது, கதையையும் அப்படியே நேரா ஊத்துறேன், கேட்டுக்க.

மொதல்ல போனை அணை. அணைச்சுட்டு மறுபடி எரியுதான்னு ஒரு தடவை பாக்குறேன்னு சொன்ன, கையில அடிப்பேன். ஒறையக் கழட்டு. பஞ்சு இல்லாத பழந்துணியில, உன் தாத்தாவோட பழைய வேட்டித் துண்டு இருக்கு பாரு, அதுல வெளிப்பக்கம் துடை. துடைச்ச பெறகு சிம் தட்ட உருவி வெளிய வை. சார்ஜ் போடுற வாய் தரையப் பாக்குற மாதிரி புடிச்சு, உள்ளங்கையில மெதுவா தட்டு. மெதுவான்னு சொன்னேன், கெட்டுப்போன டார்ச்சுலைட்ட அடிக்கிற அடி இல்ல. ஒதறுனா தண்ணி வெளிய வராது, உள்வீட்டுக்குக் குடியேறும். அப்புறம் காத்தாடிக் காத்து படுற மேசையில, வாய் காத்தைப் பாக்க சாய்ச்சு வெச்சுட்டு, போயி குளி. ரெண்டு சொட்டு சாரல் பட்டதுன்னா அரை மணிக்கு மேல காயவிட்டு ஒரு தடவை பாக்கலாம். அப்பவும் நீர்த்துளி காட்டுச்சுன்னா ஒரு முழு நாள் விடு. உன் போனு மாதிரி சிலுவார் பையோட மொத்தமா முங்கி வந்ததுக்கு ஒரு நாளுக்குக் கொறைஞ்சு பேச்சே இல்ல. ஒயரோட நுனியையும் துடைச்சுக் காயவிடணும். எத்தனை பேரு போனை மட்டும் காயவெச்சு, ஈரமான ஒயரைக் கொண்டுபோய் சொருவுறான் தெரியுமா? இந்த எடத்துல உனக்குக் கவலை இல்ல, உன் ஒயரத்தான் பூனை தூக்கிட்டுப் போச்சே.

ஒயர் இல்லாம தட்டுல வெச்சு ஏத்துற போனா? வாயில மட்டும் சாரல் பட்டிருந்தா, முதுகைத் துடைச்சுட்டுத் தட்டுல வெச்சுப் பாக்கலாம். முங்குன போனை எதுலயும் வெக்காதே.

விழுந்தது எந்தத் தண்ணின்னும் பாக்கணும். மழைத்தண்ணி கொஞ்சம் சாது. தம்பூன் வெந்நீர் ஊத்துல நின்னு படம் புடிக்கிறேன்னு போனை முக்குறீங்களே, அது சூடும் தாதுவும் சேந்த தண்ணி. பங்கோர் கடல் தண்ணி உப்பு, அது களிம்புக்குப் பொறந்த வீடு. மாமாக் கடையில தே தாரேக் கொட்டுனா சீனியும் பாலும் உள்ள போயி, காஞ்சதும் ஒட்டுப்பால் மாதிரி புடிச்சுக்கும். தண்ணி தாங்குற போனுன்னு உறுதியா தெரிஞ்சா, உப்பையும் சீனியையும் கொஞ்சம் நல்ல தண்ணியில கழுவி விட்டுட்டு அப்புறம் காயவிடலாம். தெரியலைன்னா துடைச்சுட்டு நேரா கடைக்கு நட.

பொட்டியில ஐபி68னு போட்டிருக்கு, கடைக்காரன் தண்ணி போவாதுன்னு சொன்னான்னு சொல்ற. 6 தூசிக்கு, 8 தண்ணிக்கு. அந்தப் பரிச்சையில பாஸானது புதுப் போனு, நல்ல தண்ணியில, ஆடாம அசையாம கெடந்து. உன் போனு படிக்கட்டுல உருண்டு, பாசார் மாலாம்ல கண்ணாடி மாத்தி, ஓரத்துப் பசையும் வளையமும் தளந்துபோன போனு. நாப்பது வருஷத்துக்கு முன்னால நான் நூறு கிலோ தூக்குனேன்னு சொல்லி இன்னிக்கு என்னைக் காண்டா தூக்கச் சொல்லுவியா?

இதை நான் சொன்னா கிழவன் பொலம்புறான்னு சொல்லுவ. ஆஸ்திரேலியா கோர்ட்டு சொன்னா கேப்பியா? 2016லருந்து 2018 வரைக்கும் கேலக்ஸி போனை நீச்சல்குளத்துலயும் கடல்லயும் நனைச்சு சாம்சங் விளம்பரம் போட்டுச்சு. ஈரத்தோட சார்ஜ் போட்டா அந்த வாய் அரிச்சுப்போயி வேலை செய்யாம நிக்கலாம், அதைச் சொல்லல. 2022 ஜூன் மாசம் அந்த ஊரு ஃபெடரல் கோர்ட்டு சாம்சங் ஆஸ்திரேலியாவுக்கு 14 மில்லியன் டாலர் அபராதம் போட்டுச்சு. அதுக்கு முன்னாலயே, 2020 நவம்பர்ல, இத்தாலியில ஆப்பிளுக்கு 10 மில்லியன் யூரோ. தண்ணி தாங்கும்னு விளம்பரத்துல பெருசா பேசிட்டு, தண்ணி புகுந்தா வாரண்டி இல்லைன்னு சின்னதா எழுதுனா எப்படின்னு கேட்டுட்டாங்க. பாத்தியா, நான் சொல்ற அதே சங்கதிதான். எனக்குத்தான் ஒருத்தனும் மில்லியன் குடுக்கமாட்டேங்குறான்.

சரி, ஒரு நாள் முழுக்கக் காஞ்சாச்சு, இன்னும் சார்ஜ் ஏறல. ஒடனே போனைத் திட்டாதே. ஒயரை மாத்திப் பாரு. சார்ஜர் தலையை மாத்திப் பாரு. சுவத்துல கரண்டு வருதான்னும் பாரு, சுவிட்சைப் போடாமயே ஒரு மணி நேரம் ஒக்காந்திருந்த மகராசன் இந்த வீட்டுலயே இருக்கான், பேரைச் சொல்லமாட்டேன், உங்கப்பன்தான். போனை அணைச்சு மறுபடி முடுக்கிப் பாரு, காஞ்ச பெறகும் நீர்த்துளி போவாம ஒட்டிக்கிட்டு நிக்கிறது உண்டு. அப்புறம் என் தலைவிளக்கை எடுத்து வாய்க்குள்ள அடிச்சுப் பாரு. ஒயரு முழுசா உள்ள போவாம ஆடுச்சுன்னா, சிலுவார் பைப் பஞ்சு அடைச்சிருக்கும். பச்சையாவோ வெள்ளையாவோ படிஞ்சிருந்தா களிம்பு. தட்டுல வெச்சா ஏறுது, ஒயர்ல ஏறலைன்னா, வாய்க்குத்தான் கேடு, உசுருக்கு இல்ல. போன் சுட்டாலோ, முதுகு உப்பி வந்தாலோ, ஒரு மாதிரி வாடை அடிச்சாலோ எல்லாத்தையும் விட்டுட்டுக் கழட்டித் தள்ளி வை. உப்புன பேட்டரிய அமுக்கிப் பாக்குறது, பாம்பு செத்துருச்சான்னு வாய்க்குள்ள விரல வுட்டுப் பாக்குற மாதிரி.

களிம்பு கண்டா கடைதான். தெறந்து, ஆல்கஹால் போட்டுக் கழுவுவாங்க. கள்ளுக்கடை ஆல்கஹால் இல்லடா, கேக்காதே. ரொம்பப் போன்ல சார்ஜ் வாய் தனியா ஒரு குட்டிப் பலகையில இருக்கும், அதை மட்டும் மாத்துனா வெள்ளி கொறைவு. எம்புட்டு ஆவும்னு முன்னாலயே கேட்டுக்க. எந்தத் தண்ணியில விழுந்துச்சுன்னு நெசத்தைச் சொல்லிரு. ‘தண்ணியே படல அண்ணே’ன்னு அளந்து விடாதே. உள்ள வெள்ளையா ஒரு பொட்டு ஒட்டியிருப்பான், தண்ணி பட்டா செவந்துரும். நீ பொய் சொல்லலாம், பொட்டு சொல்லாது.

இம்புட்டும் எனக்கு எப்படித் தெரியும்னுதானே கேக்க வர்றே? என் மொதப் போனு. உங்கப்பன் வாங்கிக் குடுத்தது. குளிக்கிற தோம்புக்குள்ள விழுந்துச்சு. எடுத்த கையோட சட்டையில துடைச்சுட்டு சார்ஜ் போட்டேன். ஆமாடா, நாந்தான். நாப்பது வருஷம் ஈர மரத்துல கத்தி வெக்காதவன் அன்னிக்கு வெச்சேன். ஒரு தடவை முழிச்சுப் பாத்துச்சு, அவ்வளவுதான். போன் போனா போவட்டும். அதுல ஒரு படம் இருந்துச்சு. பாட்டி லயத்து வாசல்ல நிக்கிற படம், லயத்தை ஒடைக்கிறதுக்கு மொத வாரம் எடுத்தது. இப்ப அங்க செம்பனை நிக்குது. லயமும் இல்ல, படமும் இல்ல. அதனாலதான் சொல்றேன், நாளைக்கு உன் போனு முழிச்சுக்கிச்சுன்னா மொத வேலையா அதுல இருக்குற படத்தையெல்லாம் வேற எடத்துல எடுத்து வை. அப்புறமா லைக் போடு.

கோலகங்சார்ல 1877ல ஹியூ லோ துரை நட்ட ரப்பர் கன்னுல ஒண்ணு இன்னமும் நிக்குது, நூத்தம்பது வருஷத்தைத் தொடப்போவுது. உன் போனு மூணு வருஷம் தாண்டுனா நீயே அதைத் தாத்தான்னு கூப்புடுற. 1960ல துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சாரு, அப்புறம் தோட்டப் பாட்டாளிங்ககிட்ட பத்து பத்து வெள்ளியா சேத்து தோட்டத்தையே வாங்குனாரு. நீயும் மாசாமாசம் தவணை கட்டித்தான் வாங்குன, ஒரு போனு. நான் கொறை சொல்லல. அம்புட்டு மாசம் கட்டப் பொறுத்தவனுக்கு ஒரு நாள் காயப் பொறுக்கல. ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கலைன்னு உன்னைப் பாத்துத்தான் சொல்லியிருப்பாங்க.

என்னா, மறுபடியும் டீவிக்குக் கீழ குனியிற? ஒயரா? இந்த வீட்டுல பூனையே இல்லையே தாத்தான்னு இப்பத்தான் ஞாபகம் வருதா? உங்கப்பனுக்கும் இம்புட்டு நேரந்தான் ஆச்சு. கோடியில தொங்குது பாரு என் பழைய பால் வாளி, அதுக்குள்ளதான் கெடக்கு. நில்லு, நில்லு! இன்னிக்கு இல்ல. நாளைக்குச் சாயங்காலம் நானே அந்த மேசைக்கு வந்து, கங்காணி மாதிரி உள்ளங்கைய வெச்சுப் பாத்துட்டு எடுத்துத் தர்றேன். அது வரைக்கும் இந்தக் கோப்பியக் குடி. சூடா இருக்கு, ஆறட்டும்.